பாக்டீரியா செல் சுவரில் போஸ்ட்டாக்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெங்களூருவில் ஒரு ஆராய்ச்சி நிறுவனத்தில் போஸ்ட்டாக் ஆக இருக்கிறேன். இ.கோலை பாக்டீரியாவின் செல் சுவர் எப்படி வளர்கிறது என்பதுதான் வேலை. திருச்சி, மதுரை, கோவை என்று ஊர்க் கல்லூரிகளில் எம்எஸ்சி, பிஎச்டி படிக்கிற தம்பி தங்கைகளும், அவர்களுடைய அப்பா அம்மாக்களும், எங்கள் லேபுக்குப் புதிதாக வருகிறவர்களும் திரும்பத் திரும்ப ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லும்போது ஏதாவது விட்டுப்போகிறது, அதனால் அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே கேள்விகளை இங்கே சேர்த்துவிட்டேன்.

அக்கா, போஸ்ட்டாக்னா இன்னொரு பட்டமா? பிஎச்டிக்கு அப்புறமும் படிக்கணுமா?

பட்டம் இல்லை, வேலை. பரீட்சை கிடையாது, பட்டமளிப்பு விழா கிடையாது. பிஎச்டி முடித்தவர், இன்னொருவர் நடத்தும் லேபில் சில வருடங்கள் சம்பளத்துக்கு ஆராய்ச்சி செய்வதுதான் போஸ்ட்டாக். இரண்டு வருடத்தில் முடிப்பவர்களும் உண்டு, ஐந்து வருடம் இருப்பவர்களும் உண்டு. நிரந்தரம் மட்டும் இல்லை.

இதைப் "படிப்பு" என்று வீட்டில் சொல்லி வைக்காதீர்கள். அப்படிச் சொன்னால் உங்களுக்கே அது படிப்பாக மாறிவிடும்: பாஸ் சொல்வதைச் செய்வோம், ஆராய்ச்சிப் பேப்பர் வந்தால் சரி என்று உட்கார்ந்துவிடுவீர்கள். இந்த வருடங்கள் எதற்கு என்றால், நாளை உங்கள் பெயரில் லேப் வந்தால் அதில் கேட்பதற்கு உங்களுக்கென்று ஒரு கேள்வியைச் சம்பாதிப்பதற்கு. கீழே பல பதில்களில் இதே இடத்துக்குத்தான் வந்து நிற்பேன்.

பாக்டீரியாவுக்குச் சுவரா? நம்ம தோல் மாதிரியா?

தோல் என்று நினைத்தால் தப்பான படம் வரும். சர்க்கரைச் சங்கிலிகள் வரிசையாக ஓட, குட்டிக் குட்டி அமினோ அமிலத் துண்டுகள் அவற்றைக் குறுக்கே இணைக்க, முழு செல்லையும் சுற்றி ஒரே ஒரு பெரிய மூலக்கூறாக நிற்கும் வலை அது. பெயர் பெப்டிடோகிளைக்கன். இ.கோலையில் சில நானோமீட்டர் தடிமன்தான், கிராம் பாசிட்டிவ் பாக்டீரியாவில் பல மடங்கு தடிமன். 1884ல் ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் கண்டுபிடித்த சாயமேற்றும் முறை இன்றைக்கும் பாக்டீரியாவை இரண்டு கட்சியாகப் பிரிக்கிறதே, அதற்குப் பின்னால் இருப்பது சுவரின் இந்த வித்தியாசம்தான். நம் கண்ணீரில் இருக்கும் லைசோசைம் செய்வதும் இந்தச் சர்க்கரைச் சங்கிலியை வெட்டும் வேலை.

செல்லுக்குள் எப்போதும் அழுத்தம் இருக்கிறது. வலை அறுந்தால் செல் வெடித்துவிடும். ஆனால் செல் வளர வேண்டுமென்றால் வலையை வெட்டித்தான் புது இழையைச் சேர்க்க வேண்டும். சாமான் நிறைந்த வயர் கூடையைக் கையில் தூக்கிப் பிடித்தபடியே, ஒரு வெங்காயம்கூடக் கீழே விழாமல், அங்கங்கே வெட்டிப் பெரிதாகப் பின்னிக்கொண்டு போவதை யோசித்துப் பாருங்கள். நல்ல ஊடகத்தில், அதாவது பாக்டீரியா வளர்க்கும் சத்துக் கரைசலில், இ.கோலை இதை 20 நிமிடத்துக்கு ஒரு முறை செய்து முடிக்கிறது. நான் இந்தத் துறையை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது இதற்காகத்தான்.

பெனிசிலின் காலத்துலயே எல்லாம் கண்டுபிடிச்சாச்சே, இன்னும் என்ன பாக்கி?

நிறைய. ஃபிளெமிங் பெனிசிலினைப் பார்த்தது 1928ல். சுவரில் வரும் டி-அலனின், டி-அலனின் என்ற அமினோ அமில ஜோடியைப் போலப் பெனிசிலின் வேஷம் போட்டுக் குறுக்கிணைப்பு போடும் என்சைமை ஏமாற்றுகிறது என்ற கருத்து வந்தது 1965ல். சர்க்கரைச் சங்கிலியை நீட்டும் வேலையை ஆர்ஓடிஏ என்ற புரதம் செய்கிறது என்று தெளிவானதோ 2016ல்தான். அதுவரை பாடப்புத்தகம் அந்த வேலையைப் பெரும்பாலும் வேறு என்சைம்களின் கணக்கிலேயே எழுதி வைத்திருந்தது.

வெட்டும் பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சுவர் வளர வெட்டு அவசியம் என்று பல காலமாக எல்லாரும் ஊகித்தார்கள். இ.கோலையில் அந்தக் கத்தரிக்கோல்கள் எவை என்று ஹைதராபாத்தில் சிசிஎம்பி என்ற ஆராய்ச்சி நிறுவனத்தில் மஞ்சுளா ரெட்டியின் குழு 2012ல் காட்டியது: மெப்எஸ், மெப்எம், மெப்எச் என்று மூன்று என்சைம்கள். மூன்றையும் எடுத்துவிட்டால் செல் பிழைக்காது. இந்த வழியில் போன ஆராய்ச்சிக்காக 2019ல் அவருக்கு இன்ஃபோசிஸ் பரிசு கிடைத்தது. பெரிய வெளிநாட்டு லேப்பில்தான் அடிப்படைக் கண்டுபிடிப்பு நடக்கும் என்று யாராவது சொன்னால் நான் இதைத்தான் எடுத்துக் காட்டுவேன், மரபியலும் பாக்டீரியா வளர்க்கும் பிளேட்டும் பொறுமையும் வைத்துச் செய்த வேலை. வெட்டுபவரும் கட்டுபவரும் ஒருவருக்கொருவர் எப்படித் தகவல் சொல்லிக்கொள்கிறார்கள் என்பது இன்னும் திறந்த கேள்வி. உங்களுக்கு இடம் இருக்கிறது.

ஒரு நாள் எப்படிப் போகும்? எப்பவும் மைக்ராஸ்கோப்தானா?

மைக்ராஸ்கோப் ஒரு பங்கு. மீதி குளோனிங், மியூட்டன்ட் (ஜீன் மாறிய பாக்டீரியா) கட்டுவது, பிளேட்டில் சொட்டு வைப்பது, அரை மணிக்கு ஒரு ஓடி (கல்ச்சர் எவ்வளவு கலங்கியிருக்கிறது என்ற அளவு) எடுப்பது, அப்புறம் எழுதுவது. எழுதுவதற்கு எல்லாரும் குறைவாகத்தான் நேரம் ஒதுக்குகிறார்கள்.

இந்தத் துறைக்கே உரிய வேலை ஒன்றைச் சொல்கிறேன், சுவரை மட்டும் தனியாகப் பிரித்தெடுப்பது. கொதித்துக்கொண்டிருக்கும் எஸ்டிஎஸ் என்ற சோப்பு வகைக் கரைசலில் செல்களைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும், கலக்கியும் கொண்டே இருக்க வேண்டும். அவசரப்பட்டு மொத்தமாகக் கொட்டினால் செல்லின் சொந்த என்சைம்கள் சாவதற்குள் சுவரை வெட்டிவிடும், அப்புறம் நீங்கள் அளப்பது பாக்டீரியா செய்ததை அல்ல, நீங்கள் செய்ததை. கரைசலை ஐஸில் வைக்கக் கூடாது, எஸ்டிஎஸ் வெள்ளையாகப் படிந்துவிடும். அதிவேக சென்ட்ரிஃப்யூஜில் சுற்றி எடுத்தால் குழாயின் அடியில் கண்ணாடி மாதிரி ஒரு படலம் தெரியும், வெளிச்சத்தைச் சாய்த்துப் பார்த்தால்தான் தெரியும், புதியவர்கள் காலிக் குழாய் என்று ஊற்றிவிடுவார்கள். அதைப் பல முறை கழுவி, புரதத்தை நீக்கி, என்சைம் போட்டுத் துண்டாக்கி, போரோஹைட்ரைடு என்ற ரசாயனம் சேர்த்து, துண்டுகளைப் பிரித்து அளக்கும் ஹெச்பிஎல்சி கருவியில் ஏற்றினால் எந்தத் துண்டு எவ்வளவு என்று சிகரம் சிகரமாக வரும். தொடங்கினால் ஒரு வாரம் அதற்கே போய்விடும்.

கிருமியோட வேலைங்கறீங்க, எங்க பொண்ணுக்கு ஏதாவது ஒட்டிக்காதா?

பெற்றோர் கேட்கும் கேள்வி, நியாயமான கேள்வி. லேபில் பயன்படும் இ.கோலை கே-12 நோய் உண்டாக்காத வகை. பேசிலஸ் சப்டிலிஸ் என்ற இன்னொரு லேப் பாக்டீரியாவும் அப்படித்தான். டிபி கிருமி வேறு கதை: அதற்கு பிஎஸ்எல்-3 என்ற தனி வசதி வேண்டும், காற்றழுத்தம் முதல் உடை வரை எல்லாம் கட்டுப்பாடு, பயிற்சி இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். டிபியின் சுவரைப் படிப்பவர்கள் பலர் அதன் சாதுவான உறவினரான மைக்கோபாக்டீரியம் ஸ்மெக்மாடிஸில்தான் முதலில் வேலை பார்க்கிறார்கள். அது சுமார் மூன்று மணி நேரத்தில் இரட்டிக்கும், டிபி கிருமிக்கு ஏறக்குறைய ஒரு நாள் வேண்டும். பிளேட்டில் அதன் காலனி, அதாவது கண்ணுக்குத் தெரியும் புள்ளி, வரவே மூன்று நான்கு வாரம். எந்த பாக்டீரியாவைத் தேர்ந்தெடுக்கிறீர்களோ அதுதான் உங்கள் இரண்டு வருடத்தின் வேகத்தையும் தீர்மானிக்கும், இதை மறந்துவிட்டு லேப் தேடாதீர்கள்.

சம்பளம் எவ்வளவு? பெங்களூருல கட்டுப்படியாகுமா?

அரசுத் திட்டங்களில் போஸ்ட்டாக்குக்குப் பெயர் ரிசர்ச் அசோசியேட், அந்தச் சம்பளத்தை 2023ல் உயர்த்தினார்கள்: முதல் நிலைக்கு மாதம் 58,000, இரண்டாம் நிலைக்கு 61,000, மூன்றாம் நிலைக்கு 67,000 ரூபாய். இதற்கு மேல் வீட்டு வாடகைப் படி, பெங்களூரு மாதிரி பெருநகரத்துக்கு 30 சதவீதம். முதல் நிலையில் அது 17,400 ரூபாய். நிறுவனமே அறை கொடுத்தால் அந்தப் படி கிடையாது. எந்த நிலையில் சேர்ப்பார்கள் என்பது அனுபவத்தைப் பொறுத்தது, சேரும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

தனி ஆளுக்குக் கட்டுப்படியாகும். மத்திகெரே, யஷ்வந்த்பூர் பக்கம் தங்கினால் ஐஐஎஸ்சிக்கு (இந்திய அறிவியல் கழகம்) நடந்தே போகலாம். என்சிபிஎஸ் என்ற உயிரியல் ஆராய்ச்சி மையம் இருக்கும் ஜிகேவிகே வேளாண் பல்கலைக்கழக வளாகத்துக்குக் கொடிகேஹள்ளி, சககார் நகர் வசதி. குடும்பத்தோடு வந்து, ஊருக்கும் பணம் அனுப்ப வேண்டுமென்றால் இறுக்கிப் பிடித்துத்தான் ஓட்ட வேண்டும். இன்னொன்று: சம்பளம் பிராஜெக்ட் பணத்திலிருந்து வருகிறது என்றால் சில மாதம் தாமதமாகும். மூன்று மாதச் செலவைக் கையில் வைத்துக்கொண்டு சேருங்கள். இது எந்த ஒரு நிறுவனத்தின் குறையும் இல்லை, நிதி வரும் முறையே அப்படி, ஆனால் கடன் வாங்கி வாடகை கட்டுபவருக்கு அந்த விளக்கம் உதவாது. மாற வேண்டிய விஷயம் என்று நான் அழுத்தமாக நம்புகிறேன்.

கன்னடம் தெரியாம இருக்க முடியுமா?

லேபில் ஆங்கிலம் போதும், கேன்டீனில் தமிழும் காதில் விழும். ஆனால் பெரிய கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் டெக்னீஷியன்கள், ஸ்டோர்காரர்கள், ராத்திரி செக்யூரிட்டி, இவர்களோடு நாலு வார்த்தை கன்னடத்தில் பேசுங்கள். தமிழ் தெரிந்தவருக்குக் கன்னடம் சீக்கிரம் வரும். வந்து தங்கும் ஊருக்குக் கொடுக்க வேண்டிய மரியாதையும் அதுதான்.

நான் பிஎச்டி பண்ணது செடியில. செல் சுவர் லேப்ல சேர்த்துப்பாங்களா?

சேர்ப்பார்கள். வேறு துறையிலிருந்து வருவது பலமாகவே இருக்கும், நீங்கள் கொண்டு வரும் ஒரு திறமை அந்த லேபில் இல்லாததாக இருந்தால். இமேஜ் அனாலிசிஸ், மாஸ் ஸ்பெக் (மூலக்கூறுகளை எடை பார்ப்பது), புரத அமைப்பு, கணிதம், எதுவானாலும் சரி. பெங்களூருவில் செல் சுவரை நேரடியாகத் தொடும் லேப்களைவிட டிபி, மருந்து எதிர்ப்பு, புரத அமைப்பு என்று பக்கத்திலிருந்து தொடும் லேப்கள் அதிகம், அதனால் பெயர்ப் பலகையைப் பார்த்து ஒதுங்காமல் பேப்பரைப் பார்த்துத் தேடுங்கள்.

துறையின் வாசனை பிடிக்க முதல் வாரத்தில் ஒரு சோதனை செய்யச் சொல்வேன். ஒரே இ.கோலை கல்ச்சரை (பாக்டீரியா வளரும் கரைசலை) இரண்டாகப் பிரித்து ஒன்றில் செஃபலெக்சின், இன்னொன்றில் மெசிலினம் போட்டு அகரோஸ் பேடில் (மெல்லிய ஜெல்லித் துண்டில்) வைத்து மைக்ராஸ்கோப்பில் பாருங்கள். முதலாவதில் செல்கள் பிரிய முடியாமல் நூலாக நீண்டுகொண்டே போகும், இரண்டாவதில் உருண்டையாகும். இரண்டும் பெனிசிலின் குடும்பத்து மருந்துகள்தான், ஆனால் செஃபலெக்சின் செல் பிரியும் இடத்தில் வேலை செய்யும் என்சைமைப் பிடிக்கிறது, மெசிலினம் நீளவாக்கில் கட்டும் என்சைமைப் பிடிக்கிறது. நூறு பக்கம் படித்துப் புரியாதது அந்த ஒரு மதியத்தில் புரிந்துவிடும்.

என் மியூட்டன்ட் போன வாரம் செத்துச்சு, இந்த வாரம் ஜோரா வளருது. நான் என்ன தப்பு பண்றேன்?

பெரும்பாலும் உங்கள் தப்பு இல்லை. முதலில் ஊடகத்தைப் பாருங்கள். எல்பி (பாக்டீரியாவுக்கு வழக்கமான ஊடகம்) என்று பாட்டிலில் எழுதியிருந்தாலும் லிட்டருக்கு 10 கிராம் உப்பு போடும் எல்பியும் உண்டு, 5 கிராம் போடுவதும் உண்டு. சுவர் பலவீனமான மியூட்டன்ட், உப்பு இருந்தால் பிழைத்துக்கொள்ளும், உப்பில்லாத ஊடகத்தில் வெடிக்கும். பேசிலஸில் சில சுவர் மியூட்டன்ட்கள் மக்னீசியம் நிறையப் போட்டால் நன்றாகவே வளரும். ஆகவே யார் கலக்கியது, எந்தப் பொடி, எத்தனை டிகிரி என்று நோட்டில் எழுதாமல் இந்தத் துறையில் எந்த முடிவும் செல்லாது.

இரண்டாவது, சப்ரஸர். சுவர் மியூட்டன்டுக்கு வாழ்வது கஷ்டம், அதனால் வேறு எங்காவது ஒரு மாற்றம் வந்து பிழைக்க வழி கண்டுபிடித்த செல் சீக்கிரமே மொத்த கல்ச்சரையும் பிடித்துக்கொள்ளும். புதுக் காலனி வந்த அன்றைக்கே கிளிசரால் ஸ்டாக் போட்டு உறைய வையுங்கள், பிளேட்டிலிருந்து பிளேட்டுக்கு இழுத்துக்கொண்டே போகாதீர்கள், சந்தேகம் வந்தால் பி1 ஃபேஜ் (பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்) வைத்து மியூட்டேஷனைப் புதிய செல்லுக்கு மாற்றி மறுபடி பாருங்கள். பழைய நடத்தை திரும்பி வந்தால், ஜோராக வளர்ந்தது சப்ரஸர்தான். அதைத் தூக்கி எறியாமல் ஜீனோமை சீக்வென்ஸ் செய்யுங்கள். பாக்டீரியாவே உங்களுக்கு அடுத்த ஜீனைக் காட்டிக் கொடுக்கிறது, இந்தத் துறையின் நல்ல கதைகளில் பல இப்படித்தான் ஆரம்பித்தன.

கெமிக்கல் வர மாசக்கணக்கா ஆகுதே, வெளிநாட்டுக்காரங்களோட எப்படிப் போட்டி போடறது?

வேகத்தில் போட்டி போடாதீர்கள், தோற்றுப்போவோம். 2012ல் வந்த ஒளிரும் டி-அமினோ அமிலங்கள், அதாவது புதுச் சுவர் எங்கே விழுகிறது என்று வெளிச்சம் போட்டுக் காட்டும் சாயங்கள், அங்கே சில நாளில் மேஜைக்கு வரும், இங்கே கொட்டேஷன், பர்ச்சேஸ், கஸ்டம்ஸ் என்று ஒரு சுற்று சுற்றித்தான் வரும். ஆறு மாதத்துக்கு என்ன வேண்டும் என்று சேர்ந்த மாதமே பட்டியல் போடுங்கள். காத்திருக்கும் நேரத்தில் மரபியல் செய்யுங்கள், அதற்கு வேண்டியது பெரும்பாலும் ஃப்ரீஸரிலும் ஊடக அறையிலும் இருக்கிறது. மஞ்சுளா ரெட்டி குழுவைப் பற்றி மேலே சொன்னதை மறுபடி ஒரு முறை படியுங்கள். கருவி விஷயத்தில் பெங்களூரு அவ்வளவு மோசமில்லை, ஜிகேவிகே வளாகத்தில் தேசிய கிரையோ-இஎம் (உறைநிலை எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்) வசதியே இருக்கிறது, நேரம் கேட்டு வாங்குவதுதான் வேலை.

வெளிநாட்டு போஸ்ட்டாக் இல்லாம இங்க வேலை கிடைக்குமா? வயசும் 32 ஆகுது, வீட்ல கல்யாணம்ங்கறாங்க.

இரண்டையும் ஒன்றாகவே கேட்கிறார்கள், பதிலும் ஒன்றாகத்தான் இருக்க முடியும். வெளிநாட்டு அனுபவத்துக்குத் தேர்வுக் குழுவில் இன்னும் மதிப்பு அதிகம், அதை மறைத்துப் பேசி உங்களை ஏமாற்ற விரும்பவில்லை. ஆனால் எங்கே இருந்தீர்கள் என்பதைவிட உங்கள் பெயரில் எந்தக் கேள்வி நிற்கிறது என்பதைப் பார்க்கும் குழுக்களும் இருக்கின்றன.

வயதைக் கணக்கில் எடுத்தே ஆக வேண்டும். தேசிய போஸ்ட்டாக் ஃபெலோஷிப்புக்குப் பொதுவான வரம்பு 35, பெண்களுக்கும் இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கும் தளர்வு உண்டு. மத்திய அரசின் இன்ஸ்பயர் ஃபேகல்டி ஃபெலோஷிப்புக்குப் பொதுவான வரம்பு 32. ஐரோப்பாவின் மேரி கியூரி ஃபெலோஷிப் வயதைப் பார்ப்பதில்லை, பிஎச்டி முடிந்து எட்டு ஆராய்ச்சி வருடம் தாண்டக் கூடாது என்கிறது. விதிகள் மாறும், அந்தந்த வருட அறிவிப்பைப் பாருங்கள். கல்யாணம், குழந்தை எல்லாம் போஸ்ட்டாக் முடிந்த பிறகு என்று தள்ளிப்போடச் சொல்ல எனக்கு மனசில்லை, அந்த "பிறகு" எப்போது என்று யாருக்கும் தெரியாது. லேபில் சேரும் முன் பாஸிடம் மகப்பேறு விடுப்பு பற்றி நேராகக் கேளுங்கள், ஏற்கெனவே குழந்தை பெற்றவர்கள் அந்த லேபில் எப்படி இருந்தார்கள் என்று முன்னாள் ஆட்களிடம் விசாரியுங்கள். அந்தக் கேள்விக்கே முகம் சுளிப்பவரிடம் இரண்டு வருடம் இருக்க வேண்டாம்.

கம்பெனி வேலைக்கு இது உதவுமா?

உதவும், ஆனால் கதவுகள் குறைவு. 2014ல் பெங்களூருவிலிருந்த ஆஸ்ட்ராஜெனெகாவின் ஆராய்ச்சி மையம் மூடப்படும் என்று அறிவிப்பு வந்தது, புது ஆன்டிபயாடிக்கில் பெரிய கம்பெனிகள் பணம் போடத் தயங்குவது உலகம் முழுக்க இருக்கும் நிலைமை. அதே சமயம் சென்னையின் ஆர்கிட் பார்மாவில் உருவான என்மெட்டாசோபேக்டம், பெனிசிலின் குடும்ப மருந்தை உடைக்கும் என்சைமை அடக்கும் மருந்து, 2024ல் அமெரிக்க அனுமதி பெற்றது. வொக்ஹார்ட் கம்பெனி உருவாக்கிய சைடெபேக்டம் பிடிப்பது, மேலே மெசிலினம் பிடிக்கிறது என்றேனே, அதே என்சைமை. இதைப் புரிந்துகொண்டு பேசத் தெரிந்தவருக்கு இன்டர்வியூவில் இடம் உண்டு.

இதே ரிசல்ட்டை வேற லேப் முதல்ல போட்டுட்டா என் வேலை வீண்தானே?

வயிறு எரியும், ஆனால் வீண் இல்லை. பிஎல்ஓஎஸ் பயாலஜி என்ற ஆய்விதழ் 2018லேயே, மற்றவர் வெளியிட்டு ஆறு மாதத்துக்குள் வரும் அதே கண்டுபிடிப்பையும் ஏற்றுக்கொள்வோம் என்று அறிவித்துவிட்டது. கதை ஒரு வடிவத்துக்கு வந்ததும் பயோஆர்கைவில் (இதழில் வரும் முன்பே பேப்பரைப் போடும் இணையதளம்) போட்டுத் தேதியைப் பதிவு செய்யுங்கள். பாஸ் தயங்கினால் பேசிப் புரிய வையுங்கள்.

போகும்போது பிராஜெக்டை என்னோட எடுத்துட்டுப் போக முடியுமா? பாஸ் கிட்ட எப்பக் கேக்கறது?

சேரும் முன்பே, இன்டர்வியூ பேச்சிலேயே கேளுங்கள். முதல் பதிலில் உங்களுக்கென்று ஒரு கேள்வி என்று சொன்னேனே, அது உங்களுடையது என்று பாஸும் ஒத்துக்கொண்டால்தான் உங்களுடையது. "நான் கிளம்பும்போது இதில் எந்தப் பகுதியை நான் தொடரலாம்" என்று கேட்டால் நல்ல பாஸ் கோபப்பட மாட்டார், யோசித்துப் பதில் சொல்வார். பதில் வந்த பிறகு, பேசியதைச் சுருக்கி ஒரு மெயில் போட்டு வைத்துவிடுங்கள், இரண்டு பேருக்கும் நினைவு இருக்கும்.

வேலை நடக்க நடக்க வருடத்துக்கு ஒரு முறை அதே பேச்சை எடுங்கள், ஏனென்றால் சப்ரஸர் ஒன்று வந்து பிராஜெக்டே வேறு பக்கம் திரும்பியிருக்கும், யாருக்கு எது என்ற பழைய பங்கீடு பொருந்தாது. ஸ்ட்ரெயின்களை, அதாவது நீங்கள் கட்டிய பாக்டீரியா வகைகளை, எடுத்துப்போக நிறுவனத்தின் எம்டிஏ (ஆராய்ச்சிப் பொருளை இடம் மாற்றும்) ஒப்பந்தம் வேண்டும், கையெழுத்து வர வாரக்கணக்கில் ஆகும், கிளம்பும் வாரத்தில் ஆரம்பிக்காதீர்கள். ஒவ்வொரு ஸ்ட்ரெயினுக்கும் எண், பெற்றோர் ஸ்ட்ரெயின், கட்டிய தேதி, எந்த ஊடகத்தில் வளரும் என்று ஒரு பட்டியல் போட்டு ஒரு பிரதியை லேபிலேயே விட்டுவிட்டு வாருங்கள். அடுத்து அந்த ஃப்ரீஸரைத் திறக்கப்போகிறவரும் ஊரிலிருந்து புதிதாக வந்த ஒரு தம்பியோ தங்கையோதான்.